குதிகால் வெடிப்பைக் குணமாக்க எளிய வழிகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று பரந்து கிடக்கும் கரிசல் பூமியில் தை, மாசி மாதங்கள் வேலை மிகுந்த மாதங்களாகும். உளுந்தும் பாசிப்பயறும் களத்துக்கு வரும். கம்பு, சோளம் அறுவடை நடக்கும். பருத்தி எடுப்பும் தொடங்கிவிடும். கூலிக்கு ஆள் கிடைக்காத இந்த நாட்களில்தான் பலருக்குக் குதிகால் வெடித்து, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் போகிறது. இரண்டு நாள் நுனிக்காலில் நடந்து சமாளிக்கிறோம். பிறகு முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்குகின்றன. பயறு எடுக்க வேண்டிய நேரத்தில் வீட்டில் உட்கார நேரிடுகிறது.

வண்டி மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் உடனே மாற்றுகிறோம். மாட்டின் குளம்பில் சிறு புண் கண்டாலும் மருந்திடுகிறோம். ஆனால் நம் குதிகாலில் இரத்தம் கசியும் வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே இதைக் குணமாக்க முடியும். அதற்குரிய முறையையும், எந்த வெடிப்பை வீட்டு வைத்தியத்திற்கு விடக்கூடாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குதிகால் ஏன் வெடிக்கிறது?

இதைப் பித்தவெடிப்பு என்று அழைக்கிறோம். பெயரில் பித்தம் இருந்தாலும், உடலிலுள்ள பித்தநீர் இதற்குக் காரணமன்று. பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம் தோலின் வறட்சியும் அதன் மேல் விழும் பாரமுமே ஆகும்.

நம் உடலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் தோல் மிகத் தடிப்பாக உள்ளது. மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய்ப் பசை அளிக்கும் சுரப்பிகள் உள்ளங்காலில் இல்லை. அங்கு வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உள்ளன. எனவே உள்ளங்காலில் இருக்கும் சிறிதளவு ஈரத்தையும் மூடிக் காக்க எண்ணெய்ப் பூச்சு கிடையாது. வெறுங்காலுடன் நடக்கும்போது ஏற்படும் உராய்வினால் இத்தோல் மேலும் தடித்துக் காய்ப்பாகிறது. தடித்த தோல் காய்ந்தால் விறைத்து, வளையும் தன்மையை இழந்துவிடும்.

குதிகால் எலும்புக்கு அடியில் கொழுப்பாலான ஒரு மெத்தை உள்ளது. நாம் நிற்கும்போது உடல் எடை இதன் மேல் இறங்க, மெத்தை பக்கவாட்டில் பிதுங்குகிறது. ஈரமுள்ள தோல் அதனுடன் சேர்ந்து விரிந்து கொடுக்கும். காய்ந்த தோலால் விரிய முடியாது. ஆகவே குதிகாலின் விளிம்பில் பிளவு காண்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கும், நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களுக்கும், பின்புறம் திறந்த செருப்பு அணிபவர்களுக்கும் வெடிப்பு அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கரிசல் உழவருக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. கரிசல் மண்ணிலுள்ள களி ஈரம்பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிப்பது இதனால்தான். ஈரம் இருக்கும் வரை நிலம் வெடிப்பதில்லை. குதிகாலும் அப்படியே.

கரிசல் காட்டில் ஏன் அதிகம்?

புரட்டாசி, ஐப்பசியில் மழை பெய்யும்போது கரிசல் சேறு செருப்பைப் பிடித்து இழுத்துவிடும். எனவே எல்லோரும் வெறுங்காலுடனேயே காட்டில் இறங்குகிறோம். சேறு காலில் ஒட்டி, காய்ந்து, மீண்டும் நனைந்து, மீண்டும் காய்கிறது. இவ்வாறு மாறிமாறி நனைவதாலும் காய்வதாலும் தோல் தன் இயற்கையான பசையை இழக்கிறது. மேலும் கரிசல் மண் சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரத் தன்மையுள்ள மண்ணாகும். இதன் கார அமில நிலை பெரும்பாலும் 8க்கு மேல் இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 5 என்ற அளவில் இலேசான அமிலத் தன்மை உடையது. காரமான மண்ணும், அதைப் போக்க நாம் தேய்க்கும் காரமான சலவைச் சோப்பும் தோலுக்கு உகந்தவை அல்ல.

மார்கழிக்குப் பின் மழை ஓய்ந்து, காற்று வறண்டுவிடுகிறது. அறுவடையான காட்டில் சோளத் தட்டையின் அடிக்கட்டைகளும் பருத்திச் செடியின் காய்ந்த குச்சிகளும் காலைக் குத்துகின்றன. மழைக்காலத்தில் பசை இழந்த தோல் இப்போது வெடிக்கத் தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் கோடை உழவு நடக்கும்போது வெடிப்பில் புழுதி அடைகிறது. இப்படியே ஆண்டு தோறும் வெடிப்பு ஆழமாகிக்கொண்டு போகிறது.

எண்ணெய் மட்டும் தடவினால் போதுமா?

வெடிப்பு கண்டவுடன் இரவில் சிறிது எண்ணெயை எடுத்துக் காய்ந்த குதிகாலில் தடவுவது நம் வழக்கம். ஒரு வாரம் தடவியும் குணம் தெரியாததால் அதையும் விட்டுவிடுகிறோம். எண்ணெய் நல்லதுதான். தடவும் முறையில்தான் தவறு உள்ளது.

இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1952ஆம் ஆண்டில் இதைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். காய்ந்து விறைத்த காய்ப்புத் தோலை எண்ணெய்ப் பொருள்களில் ஊறவைத்தபோது அது மிருதுவாகவில்லை. நீரை ஏற்றபோதுதான் அது வளைந்து கொடுத்தது. தோலை மிருதுவாக்குவது நீர்; அந்த நீர் ஆவியாகாமல் காப்பது எண்ணெய் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

நிலத்திற்கும் இதுவே முறை. காய்ந்த நிலத்தின் மேல் மூடாக்குப் போட்டால் ஈரம் வந்துவிடாது. மழை பெய்து நிலம் நனைந்த பிறகு மூடாக்குப் போட்டால், இருக்கும் ஈரம் காக்கப்படும். 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரி உழவர்களுக்கு எடுத்துச் சொல்லி வரும் ஈரம் காக்கும் முறைகளின் அடிப்படையும் இதுதான். குதிகாலுக்கும் முதலில் நீர், பிறகு மூடாக்கு என்ற வரிசையை மாற்றக்கூடாது.

வேலூரில் கண்ட பலன்

இந்த வரிசை நம் மாநிலத்திலேயே கடுமையான சோதனைக்கு உட்பட்டு வெற்றி கண்ட ஒன்றாகும். கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவதற்குக் காரணம் என்ன என்று அவர் ஆராய்ந்தார். நோய் நேரடியாகச் சதையைத் தின்பதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால், காயம் பட்டதை அறியாமல் அதன் மேலேயே நடந்து காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டனர்.

நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வையும் நின்றுவிடும். ஆகவே அவர்களுடைய பாதம் எளிதில் காய்ந்து வெடிக்கும். இதைத் தடுக்கத் தொழுநோயாளிகளுக்கு மூன்று பழக்கங்கள் கற்பிக்கப்படுகின்றன. நாள் தோறும் பாதத்தை நீரில் ஊறவைக்க வேண்டும். காய்ப்பைக் கல்லால் தேய்க்க வேண்டும். ஈரம் உலரும் முன் எண்ணெய் தடவ வேண்டும். இத்துடன் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பும் வழங்கப்படுகிறது. உணர்வற்ற பாதத்தையே காக்கும் இந்த எளிய முறை, உணர்வுள்ள நம் பாதத்துக்கு நிச்சயம் பலன் தரும்.

செய்முறை

இரவு உணவுக்குப் பின், வேலை எல்லாம் முடிந்த நேரத்தில் இதைச் செய்வது நல்லது.

1. ஊறவைத்தல்: அகன்ற பாத்திரத்தில் கணுக்கால் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீர் எடுத்து, இரண்டு கால்களையும் 15 முதல் 20 நிமிடம் வரை ஊறவைக்க வேண்டும். கொதிக்கும் நீர் கூடாது. சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரில் உப்பு, சோடா, சலவைத் தூள் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களில், ஊறிய பின் ஒரு செம்பு குடிநீரால் காலைக் கழுவிக்கொள்ளலாம்.

2. தேய்த்தல்: ஊறி வெளுத்த காய்ப்பைக் கால் தேய்க்கும் கல்லாலோ பீர்க்கங்காய் நாராலோ மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லாக் காய்ப்பையும் எடுத்துவிட முயலக்கூடாது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் தேய்த்தால் போதும். இரத்தம் கசியும் வெடிப்பின் மேல் கல் படக்கூடாது. ஒருவர் பயன்படுத்திய கல்லை மற்றவர் பயன்படுத்துவதும் நல்லதன்று.

3. எண்ணெய் பூசுதல்: காலைத் துணியால் ஒற்றி எடுத்து, ஈரப்பசை இருக்கும்போதே, அதாவது இரண்டு மூன்று நிமிடத்திற்குள், எண்ணெயோ களிம்போ பூச வேண்டும். வெடிப்பின் உள்ளும் ஓரங்களிலும் நன்றாகப் படும்படி பூச வேண்டும். விரல் இடுக்குகளில் பூச வேண்டாம். அங்கு ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

4. மூடுதல்: பழைய பருத்திக் காலுறை அணிந்தோ, மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றியோ படுக்க வேண்டும். எண்ணெய்க் காலுடன் நடந்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கும். வயதானவர்கள் படுக்கையில் அமர்ந்த பிறகு பூசிக்கொள்வது நல்லது.

5. காலையில்: காட்டுக்குப் புறப்படும் முன் சிறிது களிம்பு தடவி, குதிகாலை மூடும் செருப்போ கேன்வாஸ் காலணியோ அணிய வேண்டும். வேலை முடிந்ததும் சேறு காயும் முன் கழுவிவிட வேண்டும்.

ஆழமான வெடிப்பில் வலி அதிகமாக இருந்தால், சுத்தமான நீரால் கழுவி, களிம்பிட்டு, வெடிப்பின் இரு விளிம்புகளும் நெருங்கும்படி பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டலாம். இதனால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பிளவு விரிவது குறையும், வலியும் தணியும்.

விடாமல் செய்து வந்தால் முதல் வாரத்திலேயே வலி குறைவது தெரியும். வெடிப்பு நன்கு ஆற மூன்று அல்லது நான்கு வாரம் ஆகலாம். ஆறிய பின்னும் வாரத்தில் இரண்டு நாள் தொடர வேண்டும். அடியோடு விட்டுவிட்டால் மீண்டும் வெடிக்கும்.

எந்த எண்ணெய் நல்லது?

வீட்டில் இருக்கும் எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றும் ஏற்றவை. விளக்கெண்ணெய் கெட்டியாக இருப்பதால் எளிதில் வழிந்து போகாமல் தோலின் மேல் நிற்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் வாசலினும் சிறந்த மூடாக்காகும். விலை உயர்ந்த களிம்புதான் வேண்டும் என்பதில்லை.

வீட்டிலேயே மெழுகுக் களிம்பு தயாரிக்க விரும்புவோர் 25 கிராம் சுத்தமான தேன்மெழுகும், 100 கிராம் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரு சிறு பாத்திரத்தில் இட்டு, அப்பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்திற்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. மெழுகு முழுதும் உருகியதும் இறக்கிக் கலக்கி, வாயகன்ற புட்டியில் ஊற்றி ஆறவிட வேண்டும். நன்கு ஆறிக் கெட்டியான பிறகே பயன்படுத்த வேண்டும். உருகிய மெழுகைச் சூட்டோடு வெடிப்பில் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அது தோலை வெந்துபோகச் செய்யும்.

மஞ்சள், வேப்பிலை, மருதாணி ஆகியவற்றை அரைத்துப் பூசுவோரும் உண்டு. அரைத்த விழுது காலில் காய்ந்தால் தோலின் ஈரத்தையும் உடன் இழுத்துக்கொள்ளும். எனவே இவற்றைப் பூச விரும்பினால், காயும் வரை விடாமல் கழுவிவிட்டு மேலே எண்ணெய் தடவ வேண்டும்.

யூரியாவைக் கரைத்துத் தடவலாமா?

மருந்துக் கடையில் யூரியா கலந்த களிம்பு விற்கிறது என்பதைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அது உண்மைதான். தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் இயற்கைப் பொருள்களில் யூரியாவும் ஒன்று. 10 முதல் 25 சதம் வரை யூரியா உள்ள களிம்பு, தடித்த காய்ப்பை இளக்கி ஈரத்தை நிறுத்துகிறது. வீட்டு முறையில் குணமாகாத வெடிப்புக்கு இதை வாங்கிப் பூசலாம். இரத்தம் கசியும் வெடிப்பில் பூசினால் எரியும் என்பதால் அது ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் மூட்டையில் வரும் உர யூரியாவைக் கரைத்துத் தடவக்கூடாது. அது பயிருக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் பையூரெட் என்ற கலப்புப் பொருள் உண்டு. 2015ஆம் ஆண்டு முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்ப எண்ணெய் பூசப்பட்டும் வருகிறது. மருந்துக்குரிய தூய்மையும் சரியான அளவும் அதில் கிடையாது.

செய்யக் கூடாதவை

- பிளேடு, கத்தி, அரிவாள் நுனி ஆகியவற்றால் காய்ப்பைச் சீவக்கூடாது.
- எருக்கம்பால், கள்ளிப்பால், சுண்ணாம்பு ஆகியவற்றை வெடிப்பில் விடக்கூடாது. இவை தோலைப் புண்ணாக்கும்.
- சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அப்பக்கூடாது. இரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்கின்றன. ஆழமான வெடிப்பு அவற்றுக்கு நல்ல நுழைவாயிலாகும். பத்து ஆண்டுகளுக்குள் இதற்கான தடுப்பூசி போடாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.
- மண்ணெண்ணெய், கிரீஸ், தார், மரம் ஒட்டும் பசை ஆகியவற்றைப் பயன்படுத்தக்கூடாது.
- வெடித்த காலுடன் வெறுங்காலில் பூச்சிமருந்து தெளிக்கச் செல்லக்கூடாது. பிளவுபட்ட தோல் வழியாக மருந்து உடலுக்குள் எளிதில் சேரும். தெளிப்பவர் ரப்பர் பூட்ஸ் அணிவது அவசியம்.

வலிக்காத வெடிப்பே ஆபத்தானது

வெடிப்பு வலித்தால் நாம் காலைக் காத்துக்கொள்கிறோம். வெடிப்பு ஆழமாக இருந்தும் வலி தெரியவில்லை என்றால் மகிழ்ச்சி அடையக்கூடாது. நரம்பின் உணர்வு குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். நீடித்த சர்க்கரை நோயிலும் தொழுநோயிலும் இந்நிலை ஏற்படும். ஒரு சிறு வெடிப்பு சீழ்ப்பிடித்துக் காலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவிடுவது இவ்வாறுதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலை நீரில் ஊறவைப்பதும் கல்லால் தேய்ப்பதும் கூடாது. நாள் தோறும் கழுவி, ஈரம் ஒற்றி, விரல் இடுக்கு தவிர்த்து எண்ணெய் தடவினால் போதும். உள்ளங்காலைத் தினமும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அல்லது வீட்டில் உள்ளவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

- வெடிப்பைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சூடாக இருத்தல், சீழ் வருதல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், காய்ச்சல்.
- உள்ளங்காலில் மரத்துப் போதல், எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு.
- உடலில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல். இது தொழுநோயாக இருக்கலாம். இதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. உரிய காலத்தில் உண்டால் நோய் முற்றிலும் குணமாகும்.
- அரிப்புடன் உள்ளங்கால் முழுதும் மாவு போல் உரிதல். இது படையாக இருக்கலாம். எண்ணெயால் தீராது.
- முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களிலும் தடித்துச் செதில் உதிர்தல்.
- நான்கு வாரம் முறையாகச் செய்தும் குணமாகாத வெடிப்பு.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நலம்.

வருமுன் காத்தல்

மழை வரும் முன்பே விதைத்துவிடும் முன்பருவ விதைப்பு கரிசல் சம்சாரிகளுக்குப் பழக்கமான ஒன்று. குதிகால் பராமரிப்பையும் அதேபோல் முன்பருவத்திலேயே தொடங்க வேண்டும். கார்த்திகையில் மழை குறையத் தொடங்கும்போதே, வெடிப்பு காணும் முன்பாக, இரவில் கால் கழுவி ஈரத்தோடு எண்ணெய் தடவும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் தை மாதத்தில் தொல்லை இராது. சேற்றில் இறங்கிய நாட்களில் கழுவிய உடனே எண்ணெய் தடவலாம். நிலம் காய்ந்த பிறகு வெறுங்காலில் காட்டில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். செருப்பு வாங்கும்போது குதிகாலை அணைத்துப் பிடிக்கும் வார் உள்ளதாகவும், அடிப்பாகம் மெத்தென்று இருப்பதாகவும் பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டில் பெண்களின் குதிகாலையும் கவனிக்க வேண்டும். களை எடுப்பு, பருத்தி எடுப்பு, தண்ணீர் எடுத்தல், துணி துவைத்தல் என்று அவர்களின் கால் நாள் முழுதும் நனைந்தும் காய்ந்தும் கிடக்கிறது. வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு வேலை செய்பவர்களும் அவர்களே. அவர்களுக்கும் ஒரு ஜோடி நல்ல செருப்பும், இரவில் அரை மணி நேர ஓய்வும் கிடைக்கும்படி செய்ய வேண்டியது குடும்பத்தாரின் பொறுப்பாகும்.

ஒரு பாத்திரம் வெந்நீர், ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பழைய துணி. இவ்வளவே இதற்குத் தேவை. நனைத்த பின் எண்ணெய் என்ற வரிசையை மட்டும் மறவாமல் கடைப்பிடித்து, அறுவடைக் காலத்தில் வலியின்றி உழைத்துப் பயன் பெற வேண்டுகிறோம்.